வீட்டு சோலாருக்கு எந்த சார்ஜ் கன்ட்ரோலர்? வாசகர் கேள்வி பதில்

போன தடவை சோலார் பேனல் பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பேனல் பத்தியே இல்ல, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சுவத்துல தொங்கி பேட்டரிக்குப் போற சார்ஜைக் கட்டுப்படுத்துற சார்ஜ் கன்ட்ரோலர்ங்கிற அந்த சின்னப் பெட்டியைப் பத்தித்தான். சந்தோஷம்தான், ஏன்னா பேனலுக்கு ரெண்டு மாசம் விசாரிச்சு பேட்டரிக்கு ஒரு மாசம் விசாரிச்சு கடைசியில கன்ட்ரோலரை மட்டும் "ஏதாவது ஒண்ணு கொடுங்க"ன்னு வாங்கிட்டு வர்ற ஆளுங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். கேள்விகளை கொஞ்சம் சுருக்கியிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

ஒரு வேலை மட்டும் முதல்ல பண்ணுங்க. பேனல் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வி.ஓ.சி, வி.எம்.பி, ஐ.எஸ்.சி, ஐ.எம்.பின்னு நாலு நம்பர் இருக்கும். வி.ஓ.சின்னா எதுலயும் மாட்டாம சும்மா வெயில்ல வச்சா வர்ற வோல்ட், வி.எம்.பி-ன்னா நல்லா வேலை செய்யும்போது வர்ற வோல்ட். ஐ.எஸ்.சி ரெண்டு வயரையும் ஒண்ணா சேர்த்தா ஓடுற ஆம்ஸ், ஐ.எம்.பி வேலை செய்யும்போது ஓடுற ஆம்ஸ். கீழ வர்ற பதில் நிறைய இந்த நாலு நம்பரை வச்சுத்தான். கன்ட்ரோலர்ல பிடபிள்யூஎம், எம்பிபிடின்னு ரெண்டு வகை. பேரலல்னா ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ் சேர்க்கிறது, ஆம்ஸ் கூடும்; சீரிஸ்னா ஒண்ணோட ப்ளஸ்ஸை அடுத்ததோட மைனஸ்ல கோர்க்கிறது, வோல்ட் கூடும்.

கேள்வி: சார், மாடியில ரெண்டு 330 வாட்ஸ் பேனல் பேரலலா போட்டிருக்கேன். பேட்டரி 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர், ஒண்ணுதான். கடைக்காரர் 30 ஆம்ஸ் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் கொடுத்தார். 660 வாட்ஸை 13ஆல வகுத்தா 50 ஆம்ஸ் வரணும்ப்பான்னு என் பையன் சொல்றான், ஆனா உச்சி வெயில்ல கூட 17ஐ தாண்ட மாட்டேங்குது. பேனல் டூப்ளிகேட்டா?

பதில்: பேனல் நல்ல பேனல்தான் சார், பையன் போட்ட வகுத்தலும் சரிதான், ஆனா அந்தக் கணக்கு உங்க கன்ட்ரோலருக்குப் பொருந்தாது. 330 வாட்ஸ் பேனல்னா பெரும்பாலும் உள்ள 72 செல் இருக்கும், வி.எம்.பி சுமார் 37 வோல்ட், ஐ.எம்.பி 9 ஆம்ஸுக்குக் கொஞ்சம் கம்மி, ரெண்டையும் பெருக்கினா 330 வருது. பிடபிள்யூஎம்ங்கிறது அடிப்படையில வேகமா ஆஃப் ஆன் ஆகுற ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அந்த சுவிட்ச் ஆன்ல இருக்கும்போது பேனல் நேரா பேட்டரியோட சேர்ந்திடும், பேட்டரி 13 வோல்ட்ல இருந்தா பேனலையும் 13க்கு இழுத்து உக்கார வச்சிடும். ஆம்ஸ் அதே ஒன்பது, வோல்ட் மட்டும் 37ல இருந்து 13. ரெண்டு பேனலுக்கு 17 ஆம்ஸ், 13 வோல்ட், ஆக 220 வாட்ஸ் சொச்சம். மிச்சம் எல்லாம் கூரை மேலயே சூடா போயிடுது.

எம்பிபிடி அப்படி இல்ல. அது பேனலை 37 வோல்ட் பக்கத்துலயே வேலை செய்ய விட்டு, உள்ள இருக்கிற காயில் சர்க்யூட் வழியா வோல்ட்டைக் குறைச்சு ஆம்ஸைக் கூட்டித் தரும். தூசி, பேனல் சூடு எல்லாம் போக 500 வாட்ஸ்னு வச்சுக்கிட்டாலும் 38 ஆம்ஸ் வரும்.

அப்போ உடனே எம்பிபிடி வாங்கலாமான்னா, கொஞ்சம் இருங்க. உங்க பேட்டரி 150 ஏஎச் டியூபுலர். ஏஎச்ங்கிற அந்தக் கொள்ளளவுல பத்துல ஒரு பங்கு, அதாவது 15 ஆம்ஸ் பக்கம் சார்ஜ் பண்றதுதான் அதுக்கு வசதி, கொஞ்சம் மேல போனா தாங்கும், 38ஐ அது தலையில கொட்டினா சூடாகும், கொதிக்கும், தண்ணி சீக்கிரம் வத்தும். யோசிச்சுப் பார்த்தா இப்ப உங்களுக்கு வர்ற 17 ஆம்ஸ் பேட்டரிக்கு கச்சிதம்! பேனல்தான் அதிகம். பகல்லயே ஃபேன், ஃப்ரிட்ஜ்னு இன்வர்ட்டர்ல லோடு ஓடுதுன்னா எம்பிபிடி வாங்குறதுல அர்த்தம் இருக்கு, ஏன்னா கூட வர்ற ஆம்ஸ் பேட்டரிக்குள்ள போகாம நேரா லோடுக்குப் போயிடும், அப்பவும் செட்டிங்ல பேட்டரி சார்ஜ் ஆம்ஸுக்கு ஒரு லிமிட் போட்டு வைங்க. பகல்ல லோடே கிடையாது ராத்திரிக்கு மட்டும்தான்னா பெட்டியை மாத்தி பெரிசா ஒண்ணும் கிடைக்காது.

இன்னொரு வழியும் இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. 72 செல் பேனல் பிறந்ததே 24 வோல்ட் பேட்டரிக்காகத்தான். பேட்டரி மாத்துற சமயம் வரும்போது ஒரே மாதிரி புதுசு ரெண்டு வாங்கி சீரிஸ்ல 24 வோல்ட் ஆக்குங்க, அதே பிடபிள்யூஎம்ல அதே 17 ஆம்ஸ்ல 440 வாட்ஸ் வரும். ஆனா அதுக்கு இன்வர்ட்டரும் 24 வோல்ட் இருக்கணும். இப்ப இருக்கிற பழைய பேட்டரியோட புதுசு ஒண்ணை சீரிஸ்ல போட்டுடாதீங்க, பழசு சீக்கிரம் நிரம்பி கொதிக்கும், புதுசு பாதி வயித்தோட நிக்கும், ரெண்டும் சேர்ந்து கெடும்.

கேள்வி: எத்தனை ஆம்ஸ் கன்ட்ரோலர் வாங்கணும்னு ஈஸியா ஒரு கணக்கு சொல்லுங்க. என்கிட்ட 24 வோல்ட் பேட்டரி செட், 330 வாட்ஸ் பேனல் மூணு.

பதில்: ரெண்டு வகைக்கும் ரெண்டு கணக்கு, இதைக் குழப்பிக்கிறதுலதான் பாதி தப்பு நடக்குது. பிடபிள்யூஎம்னா வாட்ஸை மறந்துடுங்க, ஐ.எஸ்.சியைப் பாருங்க. ஒரு பேனலுக்கு 9.3 ஆம்ஸ்னா மூணு பேரலல்ல 28, அதை 1.25ஆல பெருக்கினா 35, அதுக்கு மேல கடையில கிடைக்கிறது 40 ஆம்ஸ். ஏன் அந்த கால் பங்கு கூடன்னா, மேகம் விலகுற நேரத்துல மேகத்து ஓரத்துல பட்டு வர்ற வெளிச்சமும் சேர்ந்து ஸ்டிக்கர்ல போட்டதை விட அதிக ஆம்ஸ் வர்றது உண்டு. பிடபிள்யூஎம் சுவிட்ச் ஆன்ல இருக்கிற வரைக்கும் பேனல் கொடுக்கிறது அப்படியே உள்ள வழியா ஓடும், அதனால இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

எம்பிபிடின்னா மொத்த வாட்ஸை பேட்டரி வோல்ட்டால வகுக்கணும். 990ஐ 24ஆல வகுத்தா 41. புத்தகக் கணக்குப்படி இதையும் 1.25ஆல பெருக்கி 51, ஆக 60 ஆம்ஸ் வாங்குன்னு சொல்வாங்க. என்னைக் கேட்டா 40 ஆம்ஸே போதும். 990 வாட்ஸ்ங்கிறது பேனல் செல் 25 டிகிரில இருக்கும்போது லேப்ல எடுத்த நம்பர், கூரை மேல நல்ல வெயில்ல செல் சூடு 60 டிகிரியைத் தாண்டிடும், வர்றது 750, 800தான், சார்ஜ் ஆகும்போது பேட்டரியும் 27 வோல்ட் பக்கம் இருக்கும், ஆக 30 ஆம்ஸ்! எப்பவாவது 40ஐ தாண்டுற நிலைமை வந்தாலும் நல்ல எம்பிபிடி தானா 40லயே நிறுத்திக்கும், கொஞ்ச நேரம் கொஞ்சம் வாட்ஸ் வீணாகும், அவ்வளவுதான் நஷ்டம். அதுக்காக 40 ஆம்ஸ் பெட்டியில 2000 வாட்ஸ் மாட்டலாமான்னு கேட்காதீங்க, மேனுவல்ல அதிகபட்ச பேனல் வாட்ஸும் இன்புட் ஆம்ஸும் போட்டிருப்பாங்க, அதுக்குள்ள இருங்க. பின்னாடி பேனல் சேர்க்கிற ஐடியா இருந்தா மட்டும் இப்பவே 60 வாங்குங்க.

அதே 40 ஆம்ஸ் பெட்டி 12 வோல்ட்ல 500 வாட்ஸ் பக்கம், 24ல 1000, 48ல 2000 வாட்ஸ் பக்கம் கையாளும். புதுசா ஆரம்பிக்கிறவங்க இதை நல்லா யோசிச்சுட்டு பேட்டரி வாங்குங்க.

கேள்வி: என் கன்ட்ரோலர்ல 150 வோல்ட் மேக்ஸ்னு போட்டிருக்கு. 540 வாட்ஸ் பேனல், வி.ஓ.சி 49.5. மூணு சீரிஸ் போட்டா 148.5தானே, உள்ளதானே இருக்கு? போடலாமா?

பதில்: போடாதீங்க. போடவே போடாதீங்க.

இதுல நான் பட்ட அவமானம் ஒண்ணு இருக்கு. தெரிஞ்சவர் வீட்ல பழைய 72 செல் பேனல் மூணு சீரிஸ்ல வருஷக்கணக்கா ஓடிட்டு இருந்தது, அதோட வி.ஓ.சி 46, மூணு சேர்ந்து 138, கன்ட்ரோலர் 150 வோல்ட், பிரச்சனையே இல்ல. அவர் பேனலை மட்டும் புதுசா பெரிசா மாத்திக் கொடுன்னார். மூணு இருந்தது, மூணு மாட்டினேன், அதே வயர், அதே கனெக்டர், சாயந்திரம் மீட்டர் வச்சுப் பார்த்தேன், 140 சொச்சம், சரின்னு கிளம்பிட்டேன். மறுநாள் காலைல போன், டிஸ்பிளே எரியலன்னு. பெட்டியைத் திறந்தா உள்ள சுவிட்ச் வேலை பண்ற மாஸ்ஃபெட் வெடிச்சு ஒரே கரி வாசம்.

என்ன ஆச்சுன்னா, பேனல் குளிர குளிர வோல்ட் ஏறும். ஒரு டிகிரிக்கு சுமாரா 0.3 சதவீதம், சரியான நம்பர் பேனலோட டேட்டா ஷீட்ல இருக்கும். ஸ்டிக்கர்ல இருக்கிற 49.5 செல் 25 டிகிரில இருக்கும்போது. காலைல வெளியே 20 டிகிரின்னா பேனலும் 20 டிகிரிதான், ராத்திரி முழுக்க ஆறிப் போயிருக்கும். அஞ்சு டிகிரிக்கு 1.5 சதவீதம், 148.5 இப்ப 150.7. குளிர்கூட வேண்டாம், சாதாரண காலை நேரமே போதும். வெயில் லேசா வந்தாலே வோல்ட் கிட்டத்தட்ட முழுசா ஏறிடும், ஆம்ஸ்தான் மெதுவா வரும், அதனால "காலைல வெயிலே இல்லையே"ன்னு நினைக்காதீங்க. நான் பார்த்தது சாயந்திரம், பேனல் சூடா இருந்த நேரம், அதான் மீட்டர் என்னை ஏமாத்திடுச்சு. சரியாச் சொன்னா நான்தான் ஏமாந்தேன்.

ஆம்ஸ் விஷயத்துல எம்பிபிடி தன்னைத்தானே காப்பாத்திக்கும், வோல்ட் விஷயத்துல அதால எதுவும் பண்ண முடியாது, ஏன்னா பேனல் வோல்ட் வந்து வாசல்லயே நிக்குது, அது சார்ஜ் பண்ணினாலும் பண்ணலைன்னாலும் நிக்கும். உங்க பக்கம் வருஷத்துலயே அதிகக் குளிர் எத்தனை டிகிரின்னு பார்த்து, 25ல இருந்து அது எத்தனை டிகிரி கீழன்னு கழிச்சு, 0.3ஆல பெருக்கி, அந்த சதவீதத்தை வி.ஓ.சியோட கூட்டுங்க. குளிர்ல 5 டிகிரி வரைக்கும் போகும்னா 6 சதவீதம். அப்படிக் கூட்டின பிறகும் மேக்ஸுக்குக் கீழ ஒரு பத்து வோல்ட்டாவது இடம் விட்டு வைக்கிறது என் வழக்கம். உங்களுக்கு ரெண்டு சீரிஸ்தான், 99 வோல்ட், மூணாவது பேனலுக்கு நாலாவது ஒண்ணு வாங்கி ரெண்டு ரெண்டா பேரலல் பண்ணுங்க, இல்ல 200 வோல்ட்டுக்கு மேல தாங்குற கன்ட்ரோலர் பாருங்க. மூணுல ரெண்டை சீரிஸ் போட்டு ஒண்ணைத் தனியா அதோட பேரலல் பண்ற விஷப்பரீட்சை எல்லாம் வேண்டாம்.

கேள்வி: ஆன்லைன்ல எம்பிபிடின்னு போட்டு வாங்கினேன். சின்னதா, பஞ்சு மாதிரி வெயிட்டே இல்லாம இருக்கு. ஒரிஜினல்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: கையில எடுத்ததுமே உங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு பாருங்க, அதுதான் முதல் டெஸ்ட். உண்மையான எம்பிபிடிக்குள்ள தாமிரக் கம்பி சுத்தின காயில் இருந்தே ஆகணும், பின்னாடி சூட்டை வெளியேத்துற அலுமினிய ஹீட் சிங்க் இருக்கணும், ரெண்டும் வெயிட். பெட்டி மேல எம்பிபிடின்னு அச்சடிச்சுட்டு உள்ள பிடபிள்யூஎம் வச்சு விக்கிறது ரொம்ப நாளா நடக்குது.

சந்தேகம் தீரணும்னா பேட்டரி பாதி காலியா இருக்கிற நேரத்துல, நல்ல வெயில்ல, ஒரு மல்டிமீட்டரை எடுத்து கன்ட்ரோலரோட பேனல் டெர்மினல்ல வோல்ட் பாருங்க, அடுத்து பேட்டரி டெர்மினல்ல பாருங்க. பேட்டரில 13.2, பேனல்ல 13.6ன்னு பக்கத்துப் பக்கத்துல இருந்தா அது பிடபிள்யூஎம், மேல என்ன எழுதியிருந்தாலும் சரி. பேட்டரில 13.2, பேனல்ல 33, 35ன்னு இருந்தா நிஜம். டிசி அளக்கிற க்ளாம்ப் மீட்டர் இருந்தா இன்னும் நல்லது, உள்ள போற வயர்ல 7 ஆம்ஸ், வெளிய வர்ற வயர்ல 18 ஆம்ஸ்னு இருந்தா எம்பிபிடிதான், ரெண்டும் ஒண்ணா இருந்தா இல்ல. சாதாரண க்ளாம்ப் மீட்டர் ஏசி மட்டும்தான் காட்டும், அதை வச்சுப் பார்த்துட்டு பூஜ்யம் வருதுன்னு எனக்கு எழுதாதீங்க. பேட்டரி ஃபுல்லா இருக்கும்போதும் இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, அப்ப எந்தக் கன்ட்ரோலரும் குறைச்சுத்தான் எடுக்கும்.

12 வோல்ட்டுக்குன்னே வர்ற 36 செல் சின்ன பேனல் வச்சிருந்தீங்கன்னா வித்தியாசம் அவ்வளவு பளிச்னு தெரியாது, சூடான பிறகு அதோட வோல்ட் 15, 16தான். அந்தப் பேனல் வச்சிருக்கிறவங்க எம்பிபிடிக்கு அலையவும் வேண்டாம், கூடக் கிடைக்கிறது பத்துப் பதினைஞ்சு சதவீதம்தான், நல்ல பிடபிள்யூஎம் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருங்க.

கேள்வி: டியூபுலரைத் தூக்கிட்டு 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரி போட்டேன். பழைய கன்ட்ரோலரே போதும்னு சொன்னாங்க. இப்ப அப்பப்போ பேட்டரி தானா ஆஃப் ஆகி இன்வர்ட்டர் அலறுது, ஏன்?

பதில்: பழைய கன்ட்ரோலர் இன்னும் உள்ள டியூபுலர்தான் இருக்குன்னு நினைச்சுட்டு இருக்கு. டியூபுலர் மாதிரி ஆசிட் பேட்டரிக்கு அப்பப்போ ஈக்வலைஸ்னு ஒரு சார்ஜ் கொடுக்கணும், அப்ப வோல்ட் 15 பக்கமோ அதுக்கு மேலயோ போகும். உங்க லித்தியத்துக்குள்ள நாலு செல் சீரிஸ்ல இருக்கு, ஒரு செல்லுக்கு 3.65தான் மேல் எல்லை, நாலுக்கு 14.6. அதைத் தாண்டினதும் உள்ள இருக்கிற பிஎம்எஸ்ங்கிற காவல் சர்க்யூட் "போதும்டா"ன்னு கதவைச் சாத்திடும். நல்ல வெயில்ல திடீர்னு பேட்டரி கழண்டா கன்ட்ரோலர் கொடுத்துட்டு இருந்த கரண்ட்டுக்குப் போக இடமில்லாம வோல்ட் எகிறும், அதுதான் இன்வர்ட்டர் அலறல். அடிக்கடி நடந்தா ஏதாவது ஒண்ணு போய்டும்.

செட்டிங்ல லித்தியம்னு இருந்தா அதுக்கு மாத்துங்க. இல்ல யூசர் மோடுன்னு இருந்தா அப்சார்ப்ஷன் (நிரப்புற கட்டத்து வோல்ட்) 14.2ல இருந்து 14.4க்குள்ள, ஃப்ளோட் (நிரம்பின பிறகு பிடிச்சு வைக்கிற வோல்ட்) 13.5, ஈக்வலைஸ் ஆஃப், டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (பேட்டரி சூட்டுக்கு ஏத்த மாதிரி சார்ஜ் வோல்ட்டை மாத்துறது) ஆஃப். பேட்டரி கம்பெனி கொடுத்த பேப்பர்ல வேற நம்பர் இருந்தா அதுதான் வேதம், நான் சொன்னதை விட்டுடுங்க. ரெண்டு ஆப்ஷனும் இல்லாத பெட்டின்னா மாத்தித்தான் ஆகணும். தண்ணி உறையுற குளிருக்குக் கீழ லித்தியத்தைச் சார்ஜ் பண்ணவே கூடாதுங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஆசிட் பேட்டரி வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு டெம்பரேச்சர் காம்பன்சேஷனை ஆஃப் பண்ணிடாதீங்க! உங்களுக்கு அது கண்டிப்பா வேணும். 12 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் 24 மில்லிவோல்ட்னு வச்சா, பேட்டரி இருக்கிற ரூம் 40 டிகிரி ஆனா சார்ஜ் வோல்ட் 0.36 கம்மியாகணும். சென்சார் வயர் கொடுத்திருந்தா அதைச் சுருட்டிப் பெட்டிக்குள்ளயே வைக்காம பேட்டரி மேல ஒட்டுங்க.

கேள்வி: கன்ட்ரோலர்ல பல்பு படம் போட்ட ஒரு ஜோடி டெர்மினல் இருக்கே, அதுல இன்வர்ட்டரை மாட்டலாமா?

பதில்: கூடாது. அது 10, 20 ஆம்ஸ் எல்லைக்குள்ள எல்ஈடி லைட்டு மாதிரி சின்ன டிசி லோடுக்கு. 800 வாட்ஸ் லோடுக்கு 12 வோல்ட் இன்வர்ட்டர் 70 ஆம்ஸுக்கு மேல இழுக்கும். இன்வர்ட்டர் நேரா பேட்டரிக்கு, நடுவுல ஒரு ஃபியூஸ்.

கேள்வி: பேனல் மாடியில, பேட்டரி கீழ, நடுவுல 20 மீட்டர். கன்ட்ரோலரை மாடியில வைக்கலாமா, கீழயா?

பதில்: கீழ, பேட்டரி பக்கத்துல, வயர் ஒரு மீட்டர் ரெண்டு மீட்டருக்குள்ள. 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் போக 20 வர 20 மொத்தம் 40 மீட்டர்னா அதோட ரெசிஸ்டன்ஸ் 0.18 ஓம் பக்கம் வரும். முதல் கேள்வில பார்த்த ரெண்டு பேனலை சீரிஸ் போட்டு எம்பிபிடி வச்சா அந்த வயர்ல 75 வோல்ட், 7 ஆம்ஸ் கூட ஓடாது, வழியில போறது 1.2 வோல்ட், கண்டுக்க வேண்டாம். கன்ட்ரோலரை மேல வச்சு அதே வயர்ல 38 ஆம்ஸை 13 வோல்ட்ல கீழ அனுப்பணும்னா 7 வோல்ட் வழியிலயே போகணும், அதாவது நடக்காத காரியம், வயர்தான் சூடாகும். கொஞ்சமா வோல்ட் குறைஞ்சாலும் வம்புதான், கன்ட்ரோலர் தன் டெர்மினல்ல இருக்கிற வோல்ட்டைப் பார்த்து பேட்டரி நிரம்பிடுச்சுன்னு முடிவு பண்ணி சீக்கிரமே குறைச்சுடும், பேட்டரி நிரம்பியே இருக்காது.

பேனல் லைன்ல டிசி பிரேக்கர் போடுங்க, வீட்ல மிச்சம் கிடக்குற ஏசி பிரேக்கர் வேண்டாம். ஏசி கரண்ட் ஒவ்வொரு சைக்கிள்லயும் பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போறதால பொறி தானா அணையும், டிசில அது கிடையாது, பொறி நீண்டு எரிஞ்சுட்டே இருக்கும். மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம்தான் பேனல், கழட்டும்போது முதல்ல பேனல். 12ஆ 24ஆன்னு தானா கண்டுபிடிக்கிற பெட்டிங்க பேட்டரியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும்.

கேள்வி: காலைல 20 ஆம்ஸ் காட்டுற கன்ட்ரோலர் மதியம் ரெண்டு மணிக்கு நல்ல வெயில்லயே 2 ஆம்ஸ்தான் காட்டுது. ரிப்பேரா?

பதில்: பேட்டரி ஃபுல் ஆயிருக்கும்மா, அதான் ஃப்ளோட்டுக்குப் போயிடுச்சு. அந்த நேரத்துலயே இன்வர்ட்டர்ல மிக்சியோ அயர்ன் பாக்ஸோ ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்க, ஆம்ஸ் உடனே ஏறினா எல்லாம் நல்லா இருக்கு. ஏறலைன்னா பேனல் பக்கம் கனெக்டர் ஏதாவது லூஸா, கருகியிருக்கான்னு பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.